பல் நோய் பல நோய் ஆன கதை: வெள்ளெழுத்துக்கு ஒரேயடியாகத் தீர்வு உண்டா?

மெய்ப்புமேசை:

எனக்கு வயது 47. மெய்ப்புத் திருத்துவது தொழில். 22 ஆண்டுகளாக அச்சுக்குப் போகும் பக்கங்களைப் பார்த்துவருகிறேன். இதுவரை கண்ணாடி போட்டதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

சென்ற மாதம் ஒரு பல் மருத்துவக் கையேடு என் மேசையைக் கடந்து அச்சாகி வந்தது. ஐந்தாம் இயலின் தலைப்பு ‘பல் நோய்களுக்கான தீர்வுகள்’. அச்சில் ‘பல நோய்களுக்கான தீர்வுகள்’ என்று வந்துவிட்டது. ஒரு புள்ளிதான். பதிப்பாளர் கோபப்படவில்லை, சிரித்தார். அதைத்தான் தாங்க முடியவில்லை. நான் கையெழுத்திட்ட மெய்ப்பைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அதிலும் புள்ளி இல்லை. அந்த வரியை நான் படித்திருக்கிறேன், ஓரத்தில் சரி என்று குறியும் போட்டிருக்கிறேன். கண் பார்க்காத புள்ளியை மனம் தானாக வைத்துப் படித்துவிட்டது.

யோசித்துப் பார்த்தால் ஓராண்டாகவே தொந்தரவு இருந்திருக்கிறது. காலையில் எல்லாம் தெளிவாகத் தெரியும். மாலை நான்கு மணிக்கு மேல் ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோல் ஆகிவிடும். னகரமா ணகரமா என்று சுழியை எண்ண வேண்டியிருக்கும். அடிக்குறிப்பில் 3 எல்லாம் 8 ஆகிவிடும். தாளைத் தள்ளிப் பிடித்தால் எழுத்து கூராகிறது, ஆனால் சிறுத்துவிடுகிறது. கிட்டே கொண்டுவந்தால் பெரிதாகிறது, கலங்கிவிடுகிறது. தாளிலிருந்து தலையைத் தூக்கிக் கணினித் திரையைப் பார்த்தால் அது தெளிவதற்கு இரண்டு மூன்று நொடி பிடிக்கிறது. ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இட மாட்டார்கள். என் கண் அந்தக் காலத்துக்கே திரும்பிப் போய்விட்டது போலிருக்கிறது.

ஆயத்தமாகக் கிடைக்கும் மூக்குக கண்ணாடி ஒன்றை வாங்கினேன். வயதைக் கேட்டார்கள், ப்ளஸ் 2.00 எடுத்துக் கொடுத்தார்கள். தாள் பளிச்சென்று தெரிந்தது. திரையோ மொத்தமாக மங்கிவிட்டது. கழற்றுவதும் மாட்டுவதுமாகவே பொழுது போயிற்று. ஒரு மணி நேரத்துக்குள் இடது புருவத்துக்கு மேல் வலி வேறு. இப்போது அது இழுப்பறையில் கிடக்கிறது.

கண்ணாடி போட ஆரம்பித்தால் கண் சோம்பேறியாகிவிடும், பவர் ஏறிக்கொண்டே போகும் என்கிறார்களே, உண்மையா? சொட்டு மருந்து வந்துவிட்டது என்கிறார் ஒருவர், அறுவை சிகிச்சை என்கிறார் ஒருவர், பயிற்சி போதும் என்கிறார் இன்னொருவர். ஒரேயடியாகச் சரிசெய்ய வழியிருந்தால் அதற்கே போய்விடலாம் என்று தோன்றுகிறது. என் பிழைப்பு ஒரு புள்ளியில் நிற்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

லென்ஸ்பெட்டி:

தம்பி, நான் 31 ஆண்டுகள் கண் பரிசோதனை செய்து ஓய்வு பெற்றவன். உங்கள் கண்ணைப் பார்க்காமல் பவர் எழுதித் தர மாட்டேன். ஆனால் விடையில் பாதியை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வயதைக் கேட்டுக் கண்ணாடி கொடுத்தார்கள் என்றீர்களே, தாளை எத்தனை சென்டிமீட்டரில் வைத்துப் படிக்கிறீர்கள், திரை எத்தனை சென்டிமீட்டரில் இருக்கிறது என்று யாராவது கேட்டார்களா? செருப்பு வாங்கப் போனவரிடம் கால் அளவைக் கேட்காமல் வயதைக் கேட்ட கதைதான்.

முதலில் வெள்ளெழுத்தில், அதாவது வயது ஏறும்போது கிட்டத்தில் இருப்பது கலங்குவதில், நடப்பது என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இளவயதில் இளக்கமானது. அதைச் சுற்றி வளையம்போல் சிலியரி தசை இருக்கிறது. லென்ஸுக்கும் தசைக்கும் இடையில் நுண்ணிழைகள் கட்டியிருக்கின்றன. தசை சுருங்கினால் இழைகள் தளரும். இழைகள் தளர்ந்தால் லென்ஸ் உப்பிக்கொள்ளும். உப்பினால்தான் கிட்டத்தில் இருப்பது கூராகத் தெரியும். தசை இழுத்து லென்ஸை வளைக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள், அது தலைகீழ். 1855இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் சொன்ன விளக்கம் இது, இன்றும் அடிப்படை இதுதான். வயது ஏற ஏற லென்ஸ் விறைத்துவிடுகிறது. தசை தன் வேலையைப் பெரும்பாலும் செய்துகொண்டுதான் இருக்கிறது, இழைகளும் தளர்கின்றன, லென்ஸ்தான் உப்ப மறுக்கிறது. அதனால் சோம்பேறித்தனம் என்ற பேச்சுக்கே இடமில்லை. கண்ணாடி போட்டாலும் போடாவிட்டாலும் அறுபது வயதை ஒட்டி அது முழுக்க விறைக்கும் வரை பவர் ஏறத்தான் செய்யும். கண்ணாடியின் தெளிவு பழகியபின் பழைய கலங்கலைக் கண் பொறுத்துக்கொள்வதில்லை, அதை வைத்துக் கிளம்பிய புரளி இது.

இனிக் கணக்கு. மெய்ப்புத் திருத்துபவருக்குக் கணக்கு கசக்காது என்று நம்புகிறேன். 1ஐ மீட்டரில் உள்ள தூரத்தால் வகுத்தால் கிடைப்பது டயாப்டர், லென்ஸ் பவரின் அலகு. 35 செ.மீ. தூரத்தில் இருக்கும் தாளுக்கு ஏறக்குறைய 2.85 டயாப்டர் தேவை. 65 செ.மீ. தூரத்தில் இருக்கும் திரைக்கு 1.55. உங்களிடம் கையிருப்பு எவ்வளவு? ஹாஃப்ஸ்டெட்டர் சூத்திரம் என்று ஒன்று உண்டு: 15இலிருந்து வயதில் கால் பங்கைக் கழித்தால் அந்த வயதில் குறைந்தபட்சம் எதிர்பார்க்கக்கூடிய திறன் கிடைக்கும். 47 வயதுக்கு 3.25. தேவை 2.85தானே, போதுமே என்பீர்கள். போதாது. இருக்கும் பலம் முழுவதையும் போட்டு நாளெல்லாம் ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டிருக்க முடியுமா? பாதியைக் கையிருப்பில் விட வேண்டும் என்பது எங்கள் தொழில் வழக்கம். பாதி என்றால் 1.6. மிச்சம் 1.25ஐக் கண்ணாடி கொடுக்க வேண்டும். காலையில் தெரிவதும் நான்கு மணிக்குப் புள்ளி மறைவதும் ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

நீங்கள் வாங்கிய 2.00 என்ன செய்யும்? தூரப் பவர் இல்லாதவர் அதைப் போட்டால் 50 செ.மீ.க்கு அப்பால் எதுவும் கூராகத் தெரியாது. திரை அதற்கு அப்பால்தான் இருக்கிறது, மங்காமல் என்ன செய்யும்? 1.25 போட்டால் அந்த எல்லை 80 செ.மீ. வரை போகும், தாளும் திரையும் இரண்டுமே அதற்குள் அடங்கிவிடும்.

இடது புருவ வலி எனக்கு உறுத்துகிறது. ஆயத்தக் கண்ணாடியில் இரண்டு பக்கமும் ஒரே பவர். கருவிழியின் வளைவு எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் இல்லாததைச் சரிசெய்யும் சிலிண்டர் பவர் கிடையாது. இரு லென்ஸ்களின் மையமும் யாரோ ஒரு சராசரி முகத்துக்கு வைத்தது. இடது கண்ணில் சிறிய சிலிண்டர் இருக்கலாம், பார்க்கச் சொல்லுங்கள். போனதும் போகிறீர்கள், கண் அழுத்தத்தையும் விழித்திரையையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய் பெரும்பாலும் வலி எதுவும் காட்டாமல் பார்வையை ஓரத்திலிருந்து தின்றுகொண்டே வரும். 31 ஆண்டுகளில் எத்தனையோ பேருக்கு அது வெள்ளெழுத்துக் கண்ணாடிக்கு வந்த இடத்தில்தான் தெரியவந்தது.

போவதற்கு முன் அளவு நாடாவை எடுத்துக் கண்ணிலிருந்து தாளுக்கும் திரைக்கும் அளந்து ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து அளக்காதீர்கள். வேலை செய்யும்போது எப்படிக் கூன் போட்டு உட்காருவீர்களோ அப்படி உட்கார்ந்து அளக்க வேண்டும்.

சூரியநேசன்:

எதற்கு ஐயா இத்தனை கணக்கு? எனக்கு 52 வயது. தினமும் காலையில் பென்சிலை மூக்கருகே கொண்டுவந்து பார்ப்பது, உள்ளங்கையால் கண்ணைப் பொத்துவது என்று பத்து நிமிடப் பயிற்சி. செய்தித்தாளை இன்றுவரை கண்ணாடி இல்லாமல்தான் படிக்கிறேன். கண்ணாடி விற்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

லென்ஸ்பெட்டி:

மகிழ்ச்சி ஐயா. ஒரே ஒரு கேள்வி. வண்டி ஓட்டும்போது கண்ணாடி போடுவீர்களா?

சூரியநேசன்:

போடுவேன். அது தூரத்துக்கு. இரண்டு கண்ணுக்கும் மைனஸ் 2.50. வண்டி ஓட்டவும் தொலைக்காட்சி பார்க்கவும் மட்டும்.

லென்ஸ்பெட்டி:

அப்படியானால் பென்சிலுக்கு நன்றி சொல்லாதீர்கள். மைனஸ் 2.50 உள்ளவர் கண்ணாடியைக் கழற்றினால் 40 செ.மீ. தூரத்தில் இருப்பது எந்த முயற்சியும் இல்லாமல் கூராகத் தெரியும். உங்கள் கிட்டப்பார்வைதான் உங்களுக்குப் படித்துக் கொடுக்கிறது. தூரக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே அதே செய்தித்தாளைப் படித்துப் பாருங்கள். பென்சில் பயிற்சியைக் குறை சொல்லவில்லை. இரண்டு கண்ணையும் ஒரே புள்ளியில் குவிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு நாங்களே அதைச் செய்யச் சொல்வோம். விறைத்த லென்ஸை இளக்குவது அதன் வேலை இல்லை.

ஊசிமுனை:

தம்பி, எனக்கு 54 வயது. கையால் பூத்தையல் போடுகிறேன். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டியவர்களுக்கு உங்கள் புள்ளிக் கவலை நன்றாகவே புரியும்.

எங்கே போனாலும் உங்களுக்கு ப்ரொக்ரெசிவ் கண்ணாடியைத்தான் எடுத்துக் காட்டுவார்கள், அதனால் என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன். 48 வயதில் போட்டேன். மேல் பகுதி தூரத்துக்கு, நடுப்பகுதி இடைத்தூரத்துக்கு, அடிப்பகுதி படிக்க. முதல் நாள் மாடிப்படி இறங்கும்போது படி கண்ணுக்கு முன்னால் மிதந்தது. கீழே பார்த்தால் படிக்கும் பகுதி வழியாகத்தானே பார்க்கிறோம்! முகவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு இறங்கக் கற்றுக்கொள்ள இரண்டு வாரம் ஆயிற்று. இத்தனைக்கும் முதலில் செய்து கொடுத்த கண்ணாடியே தப்பு. கண்பாவைக்கு நேராக லென்ஸில் குறிக்க வேண்டிய உயரத்தைச் சரியாகக் குறிக்கவில்லை. என்னைக் கேட்காமல் சட்டத்தை வேறு இறக்கிவைத்திருந்தார்கள். பழகிவிடும், பழகிவிடும் என்றே பத்து நாள் இழுத்தார்கள். கண்ணாடியை மூக்கில் சற்றே மேலே தூக்கிப் பிடித்தால் எழுத்து தெளிகிறது என்று நானாகக் கண்டுபிடித்துப் போய்ச் சொன்ன பிறகுதான் திரும்பச் செய்து கொடுத்தார்கள். உங்களுக்கும் அப்படித் தெளிந்தால் பழகக் காத்திருக்காதீர்கள், நேராகத் திரும்பிப் போங்கள்.

வெளியே போகவர அது நல்ல கண்ணாடிதான், குறை சொல்ல மாட்டேன். தையல் சட்டத்தின் முன் உட்கார்ந்தால்தான் அதன் குணம் தெரியும். படிக்கும் பகுதி நடுவில் ஒடுக்கமான சந்துபோல் இருக்கும். இரண்டு ஓரமும் நெளியும். விழியை ஓட்டிப் பார்க்க முடியாது, தலையைத் திருப்ப வேண்டும். உங்கள் மெய்ப்புப் பக்கத்தில் வரியின் இரு முனையும் அப்படித்தான் நெளியும் என்று நினைக்கிறேன். திரையைப் பார்க்க முகவாயை உயர்த்தி உயர்த்திப் பிடரி பிடித்துக்கொள்ளும். நான் இப்போது வெளியே போக ப்ரொக்ரெசிவ், சட்டத்தின் முன் ஒரே பவர் உள்ள ப்ளஸ் 2.00 என்று இரண்டு வைத்திருக்கிறேன். இரண்டு கண்ணாடி வைத்துக்கொள்வது தோல்வி இல்லை தம்பி. எனக்குக் கத்தரிக்கோலே நான்கு இருக்கிறது.

இன்னொன்று, விளக்கு. கூரை விளக்கு என் தலையின் நிழலையே துணியில் போட்டுக்கொண்டிருந்தது. வலக்கைப் பழக்கம் என்பதால் இடப்பக்கத்தில் தாழ்வாக ஒரு மேசை விளக்கை வைத்தேன். வெளிச்சம் கூடினால் கண்பாவை சுருங்குகிறது, சுருங்கினால் முன்னும் பின்னும் கொஞ்சம் தூரம் சேர்ந்தே கூராகத் தெரிகிறது என்று மருத்துவர் பிற்பாடு விளக்கினார். காரணம் தெரிவதற்கு முன்பே நூல் தெரிய ஆரம்பித்துவிட்டது.

லென்ஸ்பெட்டி:

அம்மா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். ஒரு சொல் சேர்க்கிறேன்: மேலே தூரத்துக்கும் கீழே படிக்கவும் என்று இரண்டு பவர் சேர்ந்து, நடுவில் கோடு தெரியும் பைஃபோகலைக் கிழவர் கண்ணாடி என்று யாரும் இளப்பமாகப் பேச வேண்டாம். பெஞ்சமின் பிராங்க்ளின் 1784இல் எழுதிய கடிதத்திலேயே தன்னுடைய இரட்டைக் கண்ணாடியைப் பற்றி மகிழ்ந்து எழுதியிருக்கிறார். ப்ரொக்ரெசிவ் சந்தைக்கு வந்தது 1959இல்தான். அகலமான படிக்கும் பகுதி வேண்டுமென்று இன்றும் பைஃபோகலை விடாதவர்கள் இருக்கிறார்கள்.

இரவுப்பயணி:

சொட்டு மருந்தைப் பற்றி நான் சொல்கிறேன் சார், போட்டுப் பார்த்தவன். பைலோகார்பைன் 1.25 சதவீதம். அமெரிக்காவில் 2021 அக்டோபரில் அனுமதி கிடைத்த மருந்து. பைலோகார்பைன் ஒன்றும் புதிதில்லை, கண் அழுத்த நோய்க்குப் பல காலமாகக் கொடுத்துவந்ததுதான்.

வெள்ளெழுத்துக்கு அது செய்வது முக்கியமாக ஒன்றுதான்: கண்பாவையைச் சுருக்குகிறது. ஓர் அட்டையில் ஊசியால் துளையிட்டு அதன் வழியே சிறிய எழுத்தைப் பாருங்கள், கண்ணாடி இல்லாமலே தெரியும். மருந்து அந்தத் துளையைக் கண்ணுக்குள்ளேயே போட்டுத் தருகிறது. காலையில் விட்டால் அரை மணிக்குள் கைபேசி எழுத்து நிமிர்ந்து நிற்கும். முதல் நாள் எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிறகு தொல்லைகள் தெரிய ஆரம்பித்தன. முதல் வாரம் முழுக்கப் புருவத்தில் வலி. கண் சிவந்து கிடந்ததால் இரவு தூங்கவில்லையா என்று பார்ப்பவரெல்லாம் கேட்டார்கள். சில மணி நேரத்தில் பயன் வடிந்துவிடும். எல்லாவற்றையும்விட, வெளிச்சம் குறைந்த இடத்தில் யாரோ விளக்கைத் தணித்துவிட்டது போலிருக்கும். துளை சிறிதானால் உள்ளே வரும் ஒளியும் குறையும் அல்லவா? ஒரு நாள் சற்றுத் தாமதமாக மருந்தை விட்டுவிட்டு அந்தி நேரத்தில் வண்டி ஓட்டினேன். சாலையோரம் நடந்துபோனவரை மிகக் கிட்டத்தில்தான் பார்த்தேன். அன்றோடு விட்டுவிட்டேன்.

எனக்கு மைனஸ் பவர் அதிகம் என்பதால் மருத்துவர் முதலில் விழித்திரையைப் பரிசோதித்த பிறகுதான் எழுதிக் கொடுத்தார். அரிதாக விழித்திரை கிழியவோ பிரியவோ கூடும் என்று சொல்லியிருந்தார். நண்பரிடம் வாங்கி விட்டுப் பார்க்கும் மருந்தில்லை இது. 2025இல் அசெக்ளிடைன் என்ற இன்னொரு சொட்டு மருந்துக்கும் அங்கே அனுமதி கிடைத்திருக்கிறது. சிலியரி தசையை அதிகம் தொடாமல் பாவையைச் சுருக்குவது என்கிறார்கள். நான் போட்டுப் பார்க்கவில்லை.

நாள் முழுக்க மெய்ப்புப் பார்க்கும் வேலைக்கு இது சரிவராது என்பது என் எண்ணம். கண்ணாடி போட மனமில்லாத ஒரு விழா நாளுக்கு வேண்டுமானால் சரி.

மெய்ப்புமேசை:

அனைவருக்கும் நன்றி. லென்ஸ்பெட்டி ஐயா, அறுவை சிகிச்சை பற்றி நீங்கள் வாயே திறக்கவில்லையே?

லென்ஸ்பெட்டி:

கேட்டால் சொல்லலாம் என்று இருந்தேன்.

லேசர் சிகிச்சை கருவிழியின் வளைவைத்தான் மாற்றும், உள்ளே விறைத்த லென்ஸைத் தொடாது. அதை வைத்துக்கொண்டு வெள்ளெழுத்துக்குச் செய்யக்கூடிய தந்திரம் ஒன்று உண்டு: ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதைக் கிட்டத்துக்கும் அமைத்துவிடுவது. எந்தக் கண்ணை எப்போது நம்புவது என்று மூளை பழகிக்கொள்ளும். எல்லா மூளையும் பழகாது. ஆழம் மதிப்பிடும் திறனும் சற்றுக் குறையும். அதனால் முதலில் கான்டாக்ட் லென்ஸ் போட்டுச் சில வாரம் ஒத்திகை பார்க்காமல் யாரும் கத்திக்குப் போகக் கூடாது.

கருவிழிக்குள் சிறு வில்லை பதிப்பது என்று ஒன்று வந்தது. அதில் ஒரு வகை 2016இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, கருவிழி மங்குகிறது என்று 2018இல் திரும்பப் பெறப்பட்டது. ‘நிரந்தரம்’ இரண்டே ஆண்டு நீடித்தது.

கடைசியாக, உங்கள் லென்ஸையே எடுத்துவிட்டுப் பல தூரத்துக்கான செயற்கை லென்ஸ் வைப்பது. கண்புரை வந்தவருக்கு எப்படியும் லென்ஸை மாற்றத்தான் வேண்டும், அப்போது இதை யோசிப்பதில் பொருள் உண்டு. உங்களுக்கோ லென்ஸ் தெளிவாகத்தான் இருக்கும், விறைப்பு ஒன்றே குறை. பல தூர லென்ஸ் வரும் ஒளியைப் பங்கு போடுகிறது. இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியலாம், வெள்ளைக்கும் சாம்பலுக்கும் உள்ள வேறுபாடு சற்று மழுங்கலாம். மங்கிய அச்சில் புள்ளி தேடுகிற உங்களுக்கு அந்த வேறுபாடுதானே முதல்? என் சொந்தத் தம்பி கேட்டிருந்தாலும் 47 வயதில் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

வாசல்திண்ணை:

சற்று விலகிய செய்தி, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். என் பெரியம்மா 68 வயதில் திடீரென்று கண்ணாடி இல்லாமல் படிக்க ஆரம்பித்தார். பார்வை திரும்பிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லி மகிழ்ந்தோம். பார்த்தால் கண்புரை. லென்ஸின் நடுப்பகுதி இறுகி அடர்த்தியாகும்போது கண் கிட்டப்பார்வைப் பக்கம் சாயுமாம். ஆறேழு மாதத்தில் அந்தத் தெளிவும் போய்விட்டது. அதேபோல் எனக்குச் சர்க்கரை ஏறி இறங்கிய நாள்களில் வாரத்துக்கொரு பவர் காட்டியது. சர்க்கரை கட்டுக்குள் வந்து சில வாரம் கழித்து வாருங்கள், அதற்கு முன் கண்ணாடி எழுத மாட்டேன் என்று பரிசோதித்தவர் திருப்பி அனுப்பிவிட்டார்.

மெய்ப்புமேசை:

பதினாறு நாள் கழித்து எழுதுகிறேன்.

கூன் போட்டு உட்கார்ந்தே அளந்தேன். தாள் 36 செ.மீ., திரை 68. சீட்டை நீட்டியதும் பரிசோதித்த அம்மையார் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இப்படி எழுதிக்கொண்டு வருபவர்கள் அபூர்வம் என்றார். லென்ஸ்பெட்டி ஐயாவின் பெருமையை நான் வாங்கிக்கொண்டேன். வலது கண்ணுக்குத் தூரப் பவர் எதுவுமில்லை. இடது கண்ணில் 0.75 சிலிண்டர் இருந்தது. எத்தனை ஆண்டுகளாக இருக்கிறதோ. கிட்டத்துக்கு இரு கண்ணுக்கும் ப்ளஸ் 1.25. கண் அழுத்தமும் விழித்திரையும் சரியாக இருக்கின்றன. ப்ரொக்ரெசிவ் வேண்டாம், மேசைக்கு மட்டும் என்று சொல்லி ஒரே பவர் கண்ணாடியாக வாங்கினேன். சில ஆண்டுகளில் 1.25 போதாமல் போகும்போது தாளுக்கும் திரைக்கும் மட்டுமான அலுவலக லென்ஸைப் பார்க்கலாம் என்றார்.

முதல் இரண்டு நாள் மேசையின் விளிம்பு இடப்பக்கம் சாய்ந்தாற்போல் தெரிந்தது. சிலிண்டருக்குக் கண் பழகும் வரை அப்படித்தான் இருக்கும் என்று முன்னதாகவே சொல்லியிருந்தார்கள். மூன்றாம் நாள் மேசை நேராகிவிட்டது. புருவ வலி வரவில்லை. ஊசிமுனை அக்கா சொன்னபடி விளக்கையும் இடப்பக்கம் தாழ்த்திவைத்தேன். நான்கு மணி தாண்டியும் துணைக்கால் துணைக்காலாகவே இருக்கிறது.

பல் மருத்துவக் கையேட்டில் மிச்சமிருந்த பிரதிகளுக்கு ஒட்டுத்தாள் அச்சடித்து, அந்தத் தலைப்பின்மேல் நானே உட்கார்ந்து ஒட்டினேன். கூலி வாங்கவில்லை. விற்றுப்போன பிரதிகளில் பல நோய்களுக்குமான தீர்வு அப்படியேதான் இருக்கிறது.

நேற்று புதுக் கண்ணாடியோடு என் கேள்வியைத் திரும்பப் படித்தேன். நான்காம் பத்தியில் ‘மூக்குக் கண்ணாடி’ என்ற இடத்தில் குவ்வை அடுத்த ககரத்துக்குப் புள்ளி இல்லை. இத்தனை பேர் படித்திருக்கிறீர்கள், ஒருவரும் சொல்லவில்லை. எல்லாரும் நாற்பதைத் தாண்டியவர்கள் போலிருக்கிறது. திருத்தும் வசதி இருந்தும் அதை அப்படியே விட்டுவைத்திருக்கிறேன்.